ஐந்தாவது கோலுக்கு நன்றி

மலப்புறத்து நண்பர்களுக்கு,

உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. முதுகில் இருந்த எண்கள் மட்டும் நினைவிருக்கின்றன: 7, 9, 10. 12 ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாலையில், உங்கள் கல்லூரி மைதானத்தில் எங்களை 5-0 என்று அடித்து அனுப்பினீர்கள். பெயரும் விலாசமும் தெரியாதவர்களுக்கு எழுதுவதால், இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு எங்களை நினைவிருக்க வழியில்லை. ஓர் அடையாளம் சொல்லிப் பார்க்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்த அணி. சிவப்பு ஜெர்சி. மழையில் சாயம் இறங்கி, வெள்ளைக் கால்சட்டையெல்லாம் ரோஸ் நிறமாகிப்போன பதினொரு பேர். கோட்டோரம் நின்ற உங்கள் ஊர்ச் சிறுவர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பதினொருவரில் 4-ஆம் எண் நான். ஸ்டாப்பர் பேக்.

இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம் ஒரு பையன். இப்போது நான் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். போன மாதம் எங்கள் பிள்ளைகளை வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். 6-1. திரும்பி வரும் வேனில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “சார், நாலு அடிச்ச பிறகாவது அவங்க விட்டிருக்கலாம்ல சார்?”

இதே போன்ற ஒரு தோல்விக்குப் பிறகு இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். சொல்லி முடித்தபோதுதான் உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருப்பது உறைத்தது.

நாங்கள் உங்கள் ஊருக்கு வந்தபோது கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் வந்தோம். அந்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்தின் கல்லூரி அணிகளுக்கு நடுவே இரண்டாம் இடம் பிடித்திருந்தோம். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு என்று வேனில் பாட்டும் கூத்துமாக வந்தோம். மண்ணார்க்காடு வந்ததும் பாட்டு தானாகக் குறைந்தது. கண்ணில் பட்ட காலியிடத்திலெல்லாம் ஒரு கோல் போஸ்ட் நின்றது. மூங்கிலில் ஒன்று, பாக்கு மரத்தில் ஒன்று, இரும்புக் குழாயில் ஒன்று. கடைத் திண்ணையில் பெரியவர்கள் கால்பந்துப் பக்கத்தை விரித்து வைத்து வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துக் கோப்பையைப் பலமுறை வென்ற கோழிக்கோடு பல்கலைக்கழகம் இருப்பதே இந்த மாவட்டத்துத் தேஞ்ஞிப்பலத்தில்தான் என்று எங்கள் பி.டி. சார் வேனில் எழுந்து நின்று சொன்னார். எங்களில் பாதிப் பேர் அப்போது தூக்கத்தில் இருந்தோம்.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கையில் இடி இடித்தது. உங்கள் ஊர் துலா மாத மழை மதியத்துக்கு மேல் சொல்லிவைத்தாற்போல் வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் மைதானம் செம்மண் கட்டாந்தரை. பந்து அங்கே குத்தி எழும்பும், இரண்டு எழும்பலில் வேகம் செத்துவிடும். நனைந்த புல்லில் அது குத்தவே இல்லை. பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கால் வைக்குமுன் கடந்துபோனது. எங்கள் பூட்ஸ் எல்லாம் கட்டாந்தரைக்கான குட்டை ரப்பர் ஸ்டட். இடைவேளையில் உடைந்த ஓட்டுத் துண்டை வைத்து ஸ்டட்டுகளுக்கு நடுவே அப்பியிருந்த சேற்றைச் சுரண்டி எடுத்தோம். ஒரு ஓட்டுத் துண்டு, பதினொரு ஜோடி பூட்ஸ். கடைசி ஆள் சுரண்டி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

முதல் இரண்டு கோல்களை அந்த மழையின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். மற்ற மூன்றும் எங்கள் கணக்கு.

மூன்றாவது என்னுடையது. பந்து என் காலில் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் எங்கள் கோலிக்குத் தட்டிவிட்டேன். அவனுக்கு இரண்டடி முன்னால் ஒரு குட்டை. பந்து அதில் விழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தட்டிய பந்தைக் கோலி கையில் எடுக்கக் கூடாது. 1992-லிருந்து அதுதான் விதி. கையால் அள்ளப் போனவன் நினைவு வந்து நிறுத்தினான், காலை ஓங்கினான், வழுக்கி விழுந்தான். உங்கள் 10-ஆம் எண் வந்து, குட்டையிலிருந்து பந்தை ஒரு கோழிக்குஞ்சை எடுப்பதுபோல் எடுத்து உள்ளே தள்ளினார். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. என் அணியில் நான்கு பேருக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. கோல் விழுந்த பிறகு நான்கு பேரும் சொன்னார்கள்.

நான்காவது கோலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கார்னர், தலை, வலை.

ஐந்தாவதுக்கு வருகிறேன். முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும். பந்து எங்கள் வலப்பக்கக் கோட்டைத் தாண்டிப் போனது. த்ரோ உங்களுக்கு. பந்தை விட்டது யார் என்று எங்கள் ரைட் பேக்கும் ரைட் ஹாஃபும் சண்டையைத் தொடங்கினார்கள். நான் இன்னமும் மூன்றாவது கோலை வைத்துக் கோலியிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவன் எனக்குத் திருப்பிக் கத்தினான். நடுவில் இருந்தவர்கள் லைன்ஸ்மேனைத் திட்டினார்கள். பதினொரு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். பந்து எங்கே என்று ஒருவரும் பேசவில்லை.

உங்கள் 7-ஆம் எண் காத்திருக்கவில்லை. கோட்டோரச் சிறுவனிடமிருந்து பந்தை வாங்கி ஒரே வீச்சு. எனக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி 9-ஆம் எண் தனியாக நின்றார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி “ஆஃப்சைட்!” என்று கத்தினோம். அன்றைக்கு நாங்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அவர் ஒரு தொடல், ஒரு தட்டல். பந்து உள்ளே. ரெஃபரி மையத்தைக் காட்டிவிட்டு, என்னைத் தாண்டி ஓடும்போது மெதுவாகச் சொன்னார்: “த்ரோவுக்கு ஆஃப்சைட் இல்ல மோனே.”

எட்டு வருடமாகப் பந்து ஆடியவன் நான். அந்த விதி எனக்குத் தெரியும். கோபத்தில் தெரிந்ததும் மறந்துவிடும் என்பது அன்று தெரிந்தது.

அதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. 9-ஆம் எண் கொண்டாடவில்லை. வலையிலிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மையத்துக்கு ஓடினார். ஆறாவது வேண்டுமாம்! அந்த நிமிடம் உங்கள்மேல் வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன். இரக்கமில்லாதவர்கள் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்து நாங்கள் உடை மாற்றிக்கொண்டிருந்த வகுப்பறைக்கு உங்கள் கோச் வந்தார். பின்னாலேயே ஒரு பையன் கட்டன் சாயாவும் ஒரு தட்டு நிறையப் பழம்பொரியும் கொண்டுவந்தான். யாரும் கை நீட்டவில்லை. அவரே ஒவ்வொரு கையிலாகக் கொடுத்தார். எங்கள் கேப்டன் தாங்க முடியாமல் கேட்டுவிட்டான், “நாலு ஆனப்பறம் கொஞ்சம் விட்டிருக்கலாமே சார்.”

அவர் மலையாளமும் தமிழும் கலந்து பதில் சொன்னார். சாரம் இதுதான். நாலு கோலுக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் பந்தைத் தட்டி விளையாட்டுக் காட்டியிருந்தால், இவ்வளவு தூரம் வந்த உங்களை நாங்கள் அணியாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். கடைசி விசில் வரைக்கும் ஆடுவதுதான் விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். “நீங்க ஏன் கிரவுண்டுல பேசறதே இல்ல? பந்து போனதுக்கு அப்புறம் எல்லாரும் பேசறீங்க. பந்து வர்றதுக்கு முன்னாடி ஒருத்தரும் பேசல.”

அப்போதுதான் உங்கள் ஆட்டம் எனக்குக் காதில் கேட்டது. தொண்ணூறு நிமிடமும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. “ஆளுண்டு!” “திரி!” “விடு!” பந்து வந்து சேருமுன்னே, அதை வாங்கப்போகிறவன் காதில் ஒரு சொல் போய்ச் சேர்ந்துவிடும். ஆள் நெருங்குகிறான் என்றால் “ஆளுண்டு.” நேரம் இருக்கிறது, திரும்பலாம் என்றால் “திரி.” அவனுக்கு முதுகில் கண் வேண்டியதில்லை. மற்ற பத்துப் பேரின் கண்ணும் அவனுடையதுதான். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று கேட்டேன். அறுவடை முடிந்த வயலில் ஆடும் செவன்ஸ் என்றார் கோச். சின்ன இடத்தில் ஏழேழு பேர். பந்து காலுக்கு வந்ததும் எதிராளியும் வந்துவிடுவான், பார்த்து முடிவெடுக்க நேரமிருக்காது, கேட்டுத்தான் ஆட வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் பாலக்காடு தாண்டிய இருட்டில் பி.டி. சார் எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் ஜகார்த்தா கதையைத் தொடங்கினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்திய அணியின் ஆட்டக்காரர்கள் பலர் குளிரில் வெறுங்காலோடு இறங்கி, யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்றானது. நான்கே வருடத்தில், 1956 மெல்போர்னில், ரஹீம் சாகிப் பயிற்சியில் நான்காம் இடம். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டி ஜகார்த்தாவில். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அந்தத் தோல்வியோடு ரஹீம் வீட்டுக்கு வரவில்லை; அணியை மாற்றிக் கட்டினார். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு லட்சம் பேர் எதிராகக் கத்திய அரங்கத்தில், இறுதியாட்டத்தில், அதே தென் கொரியாவை 2-1 என்று வென்றார்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, அந்தத் தையல் போட்ட ஜர்னைல் ஒன்று. கோல் காத்தவர் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடிய பீட்டர் தங்கராஜ். உங்கள் இரிஞ்ஞாலக்குடாக்காரர் ஓ. சந்திரசேகரனும் அந்த அணியில் இருந்தார்.

கதையை முடித்துவிட்டு சார் கேட்டார்: “தோத்ததும் ரஹீம் என்ன கேட்டிருப்பார்? யார்றா தப்பு பண்ணதுன்னா? இல்ல, அடுத்து என்ன மாத்தணும்னா?” பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்துவிட்டார். ஊர் வரும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்தில் பத்து மீட்டர் சதுரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். வெளியே ஐந்து பேர், நடுவில் இரண்டு பேர். பந்து வந்து சேருமுன் யாராவது ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். சொல் வராமல் பந்தைத் தொட்டால் தொட்டவன் நடுவுக்குப் போக வேண்டும். சொல்லாமல் விட்ட பக்கத்து ஆளும் கூடவே போக வேண்டும். “திரி”க்குத் “திரும்பு” என்று வைத்துக்கொண்டோம். “விடு” இரண்டு மொழிக்கும் ஒன்றே. “ஆளுண்டு”வை மட்டும் மாற்றவில்லை. “ஆள் வருதுடா” என்று சொல்லி முடிப்பதற்குள் ஆள் வந்துவிடுகிறான்.

ஒரு வாரம் ஆகியும் கூச்சம் போகவில்லை. காரணம் பிறகுதான் பிடிபட்டது. முதலாமாண்டுப் பையன் மூன்றாமாண்டுக்காரனைப் பார்த்து எப்படி “விடு” என்று கத்துவான்? “அண்ணா, விடுங்கண்ணா” என்பான். அதற்குள் பந்து போய்விடும். அதனால் சார் ஒரு சட்டம் போட்டார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. கோட்டுக்கு வெளியே வந்ததும் வழக்கம்போல் மரியாதை. எங்கள் லெஃப்ட் விங் பையன் ஒருவன், ஆட்டத்தில் என்னைப் பார்த்து “டேய் ஆளுண்டு!” என்று அலறிவிட்டு, ஆட்டம் முடிந்து தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது, “சாரிண்ணா, மனசுல வச்சுக்காதீங்க” என்பான். ஒவ்வொரு நாளும் சொல்வான்.

இன்னொரு சட்டமும் இருந்தது. தப்பு நடந்த பிறகு, பந்து கோட்டைத் தாண்டும் வரைக்கும் யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சொன்னால் மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு. முதல் வாரத்தில் அதிக ரவுண்டு ஓடியவன் நான்.

அடுத்த வருடம் மறுபடி உங்கள் ஊருக்கு வந்தோம். இந்த முறை சீனியர்களிடமும் பக்கத்துக் கல்லூரியிலும் கடன் வாங்கிய நீள ஸ்டட் பூட்ஸ் ஆறு ஜோடி வேனில் இருந்தன. ஓட்டுத் துண்டுக்குப் பதில் பழைய ஸ்பூன் நாலு இருந்தது. வெற்றிக் கதையை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். மறுபடியும் தோற்றோம். 2-1. அந்த ஒரு கோலை எங்கள் ரைட் பேக் தலையால் அடித்தான். நான் பேக் பாஸ் கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் ஒரு குரல் கேட்டது. அன்று சாயா கொண்டுவந்த உங்கள் கோச் சிரித்துக்கொண்டே சொன்னார், எங்கள் பிள்ளைகளுக்குக் காது வலிக்கிறதாம் என்று. என் கல்லூரி வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

நண்பர்களே, நீங்கள் நாலு கோலோடு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மழை, ஸ்டட், பழக்கமில்லாத புல் என்று சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்திருப்போம். அதில் பொய்யும் இல்லை. மழை பெய்தது, வழுக்கியது. ஆனால் அந்த ஐந்தாவது கோலுக்கு மழை சாட்சி சொல்ல வராது. பந்து கோட்டுக்கு வெளியே இருந்தபோது, ஈரமும் வழுக்கலும் இல்லாத ஒரு நொடியில், நாங்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்ததற்கு விழுந்த கோல் அது. எங்கள் குறையை மற்ற நான்கும் மறைத்தன. அது ஒன்றுதான் வெளியே எடுத்து வைத்தது. இரக்கப்பட்டு அதை நீங்கள் எங்களுக்குத் தராமல் போகவில்லை. அதற்குத்தான் இந்த நன்றி.

உங்கள் கோச்சுக்குத் தனியாக ஒரு நன்றி. தோற்ற அணியின் அறைக்கு ஜெயித்த அணியின் கோச் சாயாவோடு வர வேண்டும் என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. இன்று எங்கள் பள்ளி ஜெயிக்கிற நாளில் எதிரணிப் பிள்ளைகளுக்கு நான் ஒரு டஜன் வாழைப்பழமும் டீயும் வாங்கிப் போகிறேன். அவரிடம் கற்றது. ஜெயிக்கிற நாள் குறைவு என்பதால் செலவும் குறைவு.

அந்தச் சொல்லுக்கும் நன்றி. எங்கள் பள்ளி மைதானத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் வந்தால் கேட்கலாம். புல் முளைக்காத செம்மண்ணில், பூட்ஸ் பாதி வெறுங்கால் பாதியாக ஓடும் பிள்ளைகள், எதிராளி நெருங்கியதும் “ஆளுண்டு!” என்று கத்துகிறார்கள். அது எந்த ஊர்ச் சொல் என்று அவர்களுக்குத் தெரியாமலே இருந்தது. போன மாதம் வேனில்தான் முதன்முதலாகச் சொன்னேன். பின்சீட்டில் கேள்வி கேட்ட பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நாம அவங்ககிட்ட மறுபடி ஆடணும் சார்” என்றான். 6-1 என்று அடித்த பள்ளியைச் சொல்கிறானா, உங்களைச் சொல்கிறானா என்று நான் கேட்கவில்லை.

உங்களில் யாராவது இப்போது பள்ளியிலோ கிளப்பிலோ பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். தை பிறந்ததும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் ஊரில் அப்போது மழை இருக்காது. தரை கட்டாந்தரை, பந்து தலைக்கு மேல் எழும்பும். நீள ஸ்டட் வேண்டாம், குட்டை ரப்பர் ஸ்டட் போட்டு வாருங்கள். டீக்கு நான் பொறுப்பு. நாலு கோல் அடித்துவிட்டால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நாங்களும் நிறுத்த மாட்டோம்.

அன்புடன்,
அன்றைய 4-ஆம் எண்